பிள்ளை வீறிடும்போது உடம்புக்குள் நடப்பது என்ன?

(தோட்ட மாதர் தலைவியருக்கான ஒருநாள் கூட்டத்தில், கிளிநொச்சியிலிருந்து வந்திருந்த முன்பள்ளி ஆசிரியைகளும் உளநலத் தொண்டர்களும் சேர்ந்து நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



எங்களை வன்னியிலிருந்து வந்த விருந்தினர் என்று அறிமுகம் செய்தார்கள். வன்னிக்காரர் என்பது சரி, விருந்தினர் என்பதுதான் அவ்வளவு சரியில்லை. எங்களில் அரைவாசிப் பேரின் பாட்டன் பாட்டிமார் இந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள், முள்ளுக் குத்தியவர்கள். 1977 கலவரத்தில் லயத்தை விட்டு ஓடியவர்கள் வவுனியாவுக்கு வந்தார்கள். டேவிட் ஐயாவும் டாக்டர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் இயக்கம் பலரைக் குடியேற்றியது. இன்னும் பலர் கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டினார்கள். பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் என்று நீங்கள் கேள்விப்படும் ஊர்களில் இன்றைக்கும் 'அம்மாயி', 'அப்பாயி' என்று கூப்பிடும் வீடுகள் நிறைய இருக்கின்றன. ஆகவே சொந்தக்காரரிடம் பேசுவதுபோலப் பேசப் போகிறோம். கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கக் கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் பிள்ளை அழுவதைப் பற்றிப் பேச வேண்டுமா என்று வாசலில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் நாங்கள் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம்.

சில வருடங்களுக்கு முன் வைகாசி மாதம், முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் பிடித்துப் போனோம். அங்கே போனவர்களுக்குத் தெரியும், வன்னி முழுவதும் அன்றைக்கு அந்த வாசலில்தான் நிற்கும். எங்களோடு ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வந்தது. தாய் ஆடைத் தொழிற்சாலையில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அம்மாயிதான் கூட்டி வந்தார். பிள்ளைக்குப் புதுச் சட்டை. கழுத்தைச் சுற்றி லேஸ் வைத்த, மினுமினுக்கிற நைலோன் சட்டை. பஸ்ஸிலேயே அது கழுத்தைச் சொறிந்துகொண்டு வந்தது. "கையை எடு, சட்டை கிழியப் போகுது" என்று நாங்கள் எல்லாரும் மாறி மாறிச் சொன்னோம். மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. கோயிலடியில் இறங்கினால் வெயில், சனம், கற்பூரப் புகை, நான்கு பக்கமும் ஒலிபெருக்கி, பறை, ஐஸ்கிறீம் வண்டியின் பாட்டு. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அம்மாயியின் சேலைக்குள் புகுந்தது. "என்ன வெட்கம், வா சாமி பார்க்க" என்று எங்களில் ஒருவர் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தார்.

அவ்வளவுதான். பிள்ளை வீறிட்டது. தரையில் விழுந்தது. சட்டையைப் பிய்த்து எறிந்தது. தூக்கப் போன அம்மாயியின் கையை இரத்தம் வரக் கடித்தது. சுற்றி நின்ற சனம் வட்டம் கட்டி வேடிக்கை பார்த்தது. "அம்மன் இறங்கிட்டா" என்றார் ஒருவர். "பேய்தான், வேப்பிலை அடிக்க வேணும்" என்றார் இன்னொருவர். "வளர்ப்புச் சரியில்லை, தாய் வேலைக்குப் போனால் இப்படித்தான்" என்றார் மூன்றாமவர். எங்களில் ஒருவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். உளநலப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வீட்டில் மாட்டி வைத்திருக்கிற ஆள். அடி விழுந்ததும் பிள்ளையின் சத்தம் இரண்டு மடங்கானது.

அந்த இடத்தில் எங்களைக் காப்பாற்றியது பயிற்சி அல்ல, எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு கிழவி. கலவரத்துக்கு முன் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவர். சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பழைய பருத்திச் சேலைத் தலைப்பால் பிள்ளையைத் தலையோடு போர்த்தினார். இறுக்கி அணைத்துத் தூக்கிக்கொண்டு, ஒலிபெருக்கிக்கு மறுபக்கம், வெகுதூரத்தில் ஒரு மர நிழலில் போய் உட்கார்ந்தார். முன்னும் பின்னும் மெதுவாக ஆடிக்கொண்டு, வாயை மூடியபடி "ம்ம்ம்" என்று ஒரே இழுப்பாக முனகினார். கால் மணித்தியாலம் போயிருக்கும், பிள்ளை விம்மல் அடங்கி அவர் மடியிலேயே தூங்கிவிட்டது.

அந்தக் கிழவிக்கு நரம்பு மண்டலம் என்ற சொல்லே தெரியாது. ஆனால் அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் உடம்பில் ஒரு காரணம் இருக்கிறது. அதைத்தான் இன்றைக்கு விளக்க வந்திருக்கிறோம்.

மலையில் குளவி கொட்டுவது உங்களுக்குப் புதிதல்ல. கொழுந்து பறித்துக்கொண்டு நிற்கையில் "குளவி!" என்று ஒரு குரல் வந்தால் என்ன செய்வீர்கள்? கூடை எங்கே விழுந்தது, செருப்பு எங்கே போனது என்று தெரியாது. யோசித்து முடிவெடுத்தா ஓடினீர்கள்? இல்லை. கால் ஓடிய பிறகுதான் மூளைக்குச் சேதி போனதுபோல இருக்கும். உண்மையில் மூளையின் உட்பகுதியில், இரண்டு பக்கமும், வாதுமைக் கொட்டை அளவில் 'அமிக்டலா' என்று ஒன்று இருக்கிறது. ஆபத்து என்று அது எடுத்துக்கொண்டால், நெற்றிக்குப் பின்னால் இருக்கிற யோசிக்கும் பகுதி வேலையை முடிக்கும்வரை காத்திருக்காது. உடனே பரிவு நரம்புகளைத் தட்டி எழுப்பும். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் விடும். நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமாகும், வயிறு வேலையைக் குறைக்கும், இரத்தம் கைகால் தசைகளுக்குப் பாயும். சண்டை போடு அல்லது ஓடு என்பதற்கான ஆயத்தம் இது. அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் வோல்டர் கனன் 1915இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதினார். இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் உடம்பு உறைந்து போவதும் உண்டு. பேச்சு மூச்சில்லாமல் விறைத்து நிற்கிற பிள்ளையைப் "பாரு, எவ்வளவு அமைதி" என்று நாங்கள் பாராட்டியிருக்கிறோம். அது அமைதி அல்ல.

இந்த வேகத்தைக் குறைக்க இன்னொரு நரம்புக் கூட்டம் இருக்கிறது. அதில் பெரியது வேகஸ் நரம்பு. மூளையின் அடித்தண்டிலிருந்து இறங்கி, தொண்டை, இதயம், நுரையீரல், வயிறு, குடல் என்று போகிறது. மூச்சை நீளமாக வெளியே விடும்போது இந்த நரம்பு இதயத்தை மெதுவாக்கும். கிழவி முனகினாரே, முனகல் என்பது நீளமாக வெளியே விடுகிற மூச்சுத்தான். முதலில் அவருடைய இதயம் மெதுவானது. நெஞ்சோடு ஒட்டியிருந்த பிள்ளைக்கு அந்த அமைதி பிறகு போனது. சின்னப் பிள்ளையால் தன்னைத் தானே அமர்த்திக்கொள்ள முடியாது. பக்கத்தில் இருக்கிற பெரியவரின் உடம்பைப் பார்த்து, கேட்டு, தொட்டுத்தான் அது அமரப் பழகுகிறது. யோசித்து அடக்கிக்கொள்கிற நெற்றிப் பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயதுவரை ஆகிறது என்கிறார்கள். இருபத்தைந்து! எங்கள் பிள்ளைகளிடம் நாங்கள் அதை மூன்று வயதில் எதிர்பார்க்கிறோம்.

பிள்ளையின் அமிக்டலா குளவி என்று எதை எடுத்துக்கொண்டது? கோயிலில் குளவி இருக்கவில்லையே.

தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடை பார்த்திருப்பீர்கள். தூளை ரகம் ரகமாகப் பிரிக்கிறது. மூளையிலும் சலிக்கிற வேலை ஒன்று ஓயாமல் நடக்கிறது. இப்போது நீங்கள் போட்டிருக்கிற சட்டை தோளில் படுவதை நான் சொல்லும்வரை நீங்கள் உணரவில்லை. கூரையில் மழை விழுகிறது, ஆனால் என் பேச்சுத்தான் கேட்கிறது. தேவையில்லாததை மூளை தள்ளிவிடுகிறது. எல்லாருக்கும் இந்தச் சல்லடையின் கண் ஒரே அளவில் இருப்பதில்லை. சில பிள்ளைகளுக்குக் கண் பெரிது. சட்டையின் லேஸ், ஒலிபெருக்கி, புகை, வியர்வை மணம், வெயில், தள்ளுகிற முழங்கை, எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே சத்தத்தில் உள்ளே வரும். தாங்க முடியாத கட்டத்தில் மூளை அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு நடப்பது குளவி கண்டவர் ஓடுவதுதான்.

ஐம்புலன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். உடம்புக்கு அதைவிட அதிகமாக இருக்கிறது. உள்காதில் சமநிலை அறியும் உறுப்பு. தசையிலும் மூட்டிலும் 'என் கை எங்கே, எவ்வளவு பாரம் தூக்குகிறேன்' என்று சொல்கிற உணர்வு. பசி, மலசலம், நெஞ்சுத் துடிப்பு இவற்றை உள்ளிருந்து சொல்கிற உணர்வு. ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் 1972இல் இவை எல்லாம் மூளையில் எப்படி ஒன்று சேர்கின்றன என்று ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்ன எல்லாவற்றையும் எல்லா வைத்தியர்களும் ஏற்பதில்லை. ஆனாலும் ஏணையில் மெதுவாக ஆட்டினால் பிள்ளை ஏன் அடங்குகிறது, இறுக்கி அணைத்தால் ஏன் அடங்குகிறது என்பதற்கு அந்தப் பக்கத்தில் விளக்கம் இருக்கிறது. ஒரே தாளத்தில் வரும் ஆட்டமும் ஆழமான அழுத்தமும் பல பிள்ளைகளின் நரம்பை அமர்த்தும். எங்கள் பாட்டிமார் ஏணை கட்டியது இடம் மிச்சம் பிடிக்க மட்டுமல்ல போலும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடையில் பொம்மை கேட்டுப் பிள்ளை அடம் பிடிக்கிறது. அழுகைக்கு நடுவில் ஓரக்கண்ணால் பார்க்கும், நீங்கள் பார்க்கிறீர்களா என்று. பொம்மை கிடைத்தால் நிற்கும். அடம் என்பதும் வளர்ச்சியில் ஒரு கட்டம், அதற்கு உறுதியாக, அமைதியாக 'இல்லை' சொன்னால் போதும். புலன் நிரம்பி வெடிக்கிற பிள்ளை அப்படியில்லை. எதைக் கொடுத்தாலும் நிற்காது, ஆள் பார்க்கவில்லை என்றாலும் நிற்காது, முடிந்த பிறகு களைத்துத் தூங்கிவிடும், சில நேரம் தானே வெட்கப்படும். அடமாகத் தொடங்கி வெடிப்பாக முடிவதும் உண்டு, எப்போதும் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. சந்தேகம் என்றால் வெடிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிழைத்தாலும் பெரிய நட்டமில்லை.

"அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று இங்கே ஒரு அம்மா முணுமுணுத்தது கேட்டது. நாங்களும் அதைச் சொல்லித்தான் வளர்ந்தோம். அடித்தால் சில பிள்ளைகள் டக்கென்று நிறுத்தும், உண்மை. ஏன் நிறுத்துகிறது? ஒரு பயத்தின் மேல் இன்னொரு பெரிய பயத்தைப் போட்டால் உடம்பு உறைந்து போகும். நாங்கள் அதைத் திருந்தியது என்று எடுத்துக்கொள்கிறோம். ஆபத்து என்று கத்திக்கொண்டிருக்கிற மூளைக்கு 'ஆமாம், ஆபத்துத்தான்' என்று உறுதிசெய்து கொடுக்கிற வேலை அடி.

வன்னியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் நாங்கள் எங்கிருந்தும் பேச முடியாது.

2009 ஜனவரியிலிருந்து மே வரை எங்கள் சனம் கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நடந்தது. பதுங்கு குழிக்குள் பிள்ளையின் வாயைப் பொத்தி வைத்திருந்த தாய்மார் எங்களில் இருக்கிறார்கள். பிறகு செட்டிகுளம் மெனிக் பாம். தறப்பாளுக்குள் வெயில், தண்ணீருக்கு வரிசை. அந்த முகாம் 2012 செப்டெம்பரில் தான் முழுதாக மூடப்பட்டது. அன்றைக்குப் பிள்ளையாக இருந்தவர்கள் இன்றைக்குத் தாய் தகப்பன்.

போர்ப் பகுதிப் பிள்ளைகளைப் பற்றி அதற்கு முன்பே ஆய்வு நடந்திருக்கிறது. ஜேர்மன் ஆய்வாளர்களும் உள்ளூர் ஆசிரியர்களும் சேர்ந்து 420 பாடசாலைப் பிள்ளைகளைத் தமிழிலேயே கேட்டார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வில் 92 வீதமானோர் குண்டுவீச்சு, ஷெல், நெருங்கியவரின் சாவு போன்ற ஏதாவது ஒன்றைக் கண்டிருந்தார்கள். 25 வீதமானோருக்கு மனவடு நோய்க்குரிய அறிகுறிகள் இருந்தன. எவ்வளவு கூடக் கண்டார்களோ அவ்வளவு கூட நினைவாற்றலும் படிப்பும் பாதிக்கப்பட்டிருந்தன. சுனாமிக்குப் பின் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் எடுத்து 2008இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எங்களை அதிகமாக உலுக்கியது. போரை அதிகம் கண்ட வீடுகளில், தகப்பன் குடிக்கிற வீடுகளில், பிள்ளைக்கு வீட்டுக்குள் விழும் அடியும் கூடுதலாக இருந்தது. வெளியே விழுந்த ஷெல்லின் சிதறல் வீட்டுக்குள்ளும் பறக்கிறது என்று நாங்கள் அதை விளங்கிக்கொண்டோம்.

இன்றைக்கு ஆறு வயதாகிற பிள்ளை ஷெல் சத்தம் கேட்டதில்லை. ஆனால் இரவில் வயல் பக்கம் யானைவெடி போட்டால் தகப்பன் பாயிலிருந்து துள்ளி எழும்புகிறார். தகரக் கூரையில் தேங்காய் விழுந்தால் தாயின் கை பிள்ளையின் தலையை அமத்துகிறது. அவர் நினைத்துச் செய்வதில்லை. அந்தக் கை 2009இல் பழகியது. பிள்ளை அந்தக் கையைப் படிக்கிறது. சத்தம் என்றால் சாவு என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே அதன் நரம்பு கற்றுக்கொள்கிறது.

ஆனாலும் எல்லாவற்றையும் முள்ளிவாய்க்காலில் கொண்டுபோய்க் கட்டுகிற பழக்கமும் எங்களிடம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நாங்கள் பார்த்த பிள்ளைகளில் போரோடு எந்தத் தொடர்பும் இல்லாத, பிறந்ததிலிருந்தே சல்லடைக் கண் பெரிதான பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சத்தம், வெளிச்சம், தொடுகை அதிகமாகவோ குறைவாகவோ உறைப்பது அந்த நிலையின் அறிகுறிகளில் ஒன்று என்று 2013 முதல் வைத்தியர்களின் கைநூலிலேயே இருக்கிறது. காது சரியாகக் கேட்காததால் எரிச்சல்படுகிற பிள்ளை உண்டு. இரத்தச்சோகை, பூச்சி, தூக்கக் குறைவு, பசி, இவையும் பிள்ளையை ஒரு சொல்லுக்கு வெடிக்கிற நிலையில் வைத்திருக்கும். காலையில் வெறுந்தேத்தண்ணியோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பத்து மணிக்கு ஏன் மேசையைத் தள்ளுகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். நாங்கள் செய்து பார்த்ததைத்தான் சொல்வோம்.

வெடிக்கிற நேரத்தில் புத்தி சொல்லாதீர்கள். யோசிக்கிற பகுதி அப்போது கடை பூட்டியிருக்கிறது. "ஏன் இப்படிச் செய்கிறாய்" என்ற கேள்வியும் ஒரு சத்தம்தான். முதலில் உங்கள் மூச்சை நீளமாக விடுங்கள், மூன்று நான்கு தரம். பிறகு சத்தத்தையும் வெளிச்சத்தையும் சனத்தையும் குறையுங்கள். பிள்ளையை வெளியே கொண்டுபோங்கள், அல்லது வேடிக்கை பார்க்கிறவர்களை வெளியே அனுப்புங்கள். அணைத்தால் அடங்குமா என்று மெதுவாகப் பாருங்கள். சில பிள்ளைகளுக்குத் தொட்டாலே நெருப்பு, அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். தலையை மோதுகிறது என்றால் தலைக்குக் கீழே துணி வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். அமர்ந்த பிறகு, தூங்கி எழும்பிய பிறகு, இரண்டு வசனம் பேசுங்கள். "சத்தம் கூடிப்போச்சு, என்ன? காதுக்கு நொந்துச்சு." பெயர் தெரிந்தால் பிள்ளைக்குப் பாதிப் பயம் குறையும்.

வெடிக்கு முன்னாலேயே பிடிக்கப் பழகுவதுதான் பெரிய வேலை. எங்கள் முன்பள்ளியில் ஒரு மூலையில் பழைய சேலையால் திரை கட்டி, பாய் போட்டு வைத்திருக்கிறோம். தண்டனை மூலை அல்ல, பிள்ளை தானே போகலாம், தானே வரலாம். துறுதுறுவென்று நிற்கிற பிள்ளையிடம் சின்ன வாளியில் தண்ணீர் கொடுத்துப் பூக்கன்றுக்கு ஊற்றச் சொல்வோம். பாரம் தூக்கிய தசை நரம்பை அமர்த்தும். வெடித்த நாளில் என்ன நேரம், என்ன சாப்பிட்டது, என்ன உடுப்பு, யார் இருந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதுவோம். ஒரு பையன் புதன்கிழமை மட்டும் வெடித்தான். இரண்டு மாதம் எழுதிய பிறகுதான் தெரிந்தது, புதன்கிழமை பக்கத்து அரிசி ஆலை ஓடுகிறது.

எப்போது வைத்தியரிடம் போவது? பேச்சு வராமலோ, வந்த பேச்சு போயோ இருந்தால். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால். கண் ஒரே இடத்தில் நின்று, கூப்பிட்டாலும் தெரியாமல் சில விநாடி போய்விட்டு வந்தால், அது வலிப்பாகவும் இருக்கலாம். தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தினால். கிழமையில் பல நாள் வெடித்தால். மிட்வைப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள், கிளினிக் கார்டைக் கொண்டுபோங்கள், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். பிள்ளையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் 1929. மந்திரிக்கிறவரிடம் போவதைத் தடுக்க நாங்கள் வரவில்லை, நூல் கட்டினால் கட்டுங்கள். சூடு வைக்கவும் மிளகாய்ப் புகை பிடிக்கவும் மட்டும் விடாதீர்கள். ஏற்கனவே எரிகிற நரம்பு அது.

இப்போது வாசலில் கேட்ட தோழருக்குப் பதில்.

பன்னிரண்டுக்குப் பத்தடி லயக் காம்பராவில் ஏழு பேர். ஒரு பக்கம் டீவி, ஒரு பக்கம் அடுப்புப் புகை, சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சண்டை. அந்தப் பிள்ளையை எந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறோம்? காலையில் பிரட்டுக்கு ஓடி, கொழுந்து குறைந்தால் அரைப்பேர் என்று பயந்து, நனைந்த படங்கோடு இருட்டில் வீடு வருகிற தாயிடம் "மூச்சை நீளமாக விடு" என்று சொல்ல எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஆடைத் தொழிற்சாலை பஸ் விடிய முன் வந்து தாய்மாரை ஏற்றுகிறது. அவர்களின் நரம்பும் நாள் முழுக்கக் குளவி கண்ட நிலையில்தான் இருக்கிறது. தாயின் உடம்பிலிருந்துதான் பிள்ளையின் உடம்பு அமைதியைக் கடன் வாங்குகிறது என்று சொன்னோம். அவரிடமே இல்லாவிட்டால் எங்கே வாங்குவது?

ஆகவே தனி வீடு கேட்பதும், வேலை நேரத்துக்கு வரம்பு கேட்பதும், பால் கொடுக்க நேரம் கேட்பதும் பிள்ளையின் நரம்புக்காகவும் கேட்பதுதான். பிள்ளைக் காம்பராவுக்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், நல்லது. அங்கே ஒரு அமைதியான மூலை இருக்கிறதா, ஒரு ஆளிடம் எத்தனை பிள்ளை விடப்பட்டிருக்கிறது, அவருக்கு இந்த விடயத்தில் பயிற்சி இருக்கிறதா என்று அடுத்த பேச்சுவார்த்தையில் கேளுங்கள். நாங்கள் கொப்பியில் எழுதுவதுபோல நீங்களும் எழுதிக்கொண்டு போனால் தோட்ட நிர்வாகத்தின் முன் பேசுவது இலகு. பேச்சை நிறுத்தி எழுத்தைக் காட்டலாம்.

வற்றாப்பளைப் பிள்ளையைப் பற்றி மதிய இடைவேளையில் பலர் கேட்டீர்கள். இப்போது கொஞ்சம் வளர்ந்துவிட்டது. மாவட்ட வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனோம், காதில் குறையில்லை என்றார்கள், சத்தம் கூடுதலாக உறைக்கிற பிள்ளை என்றார்கள், கொஞ்சக் காலம் கிளினிக் போய் வந்தது. தாய்க்கு இரவு வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தோம். முதலில் மறுத்தார்கள், மூன்றாம் முறை கிடைத்தது. கோயிலுக்கு இப்போதும் போகிறது. பொங்கல் அன்று அல்ல, ஒரு கிழமை முந்தி, விடியற்காலையில், சனம் இல்லாத நேரத்தில். தோய்த்துத் தோய்த்து மெதுவான பழைய பருத்திச் சட்டையோடு. அம்மாயியின் கையில் அந்தப் பல் தடம் இன்னும் இருக்கிறது. கேட்டால் அதைக் காட்டிச் சிரிப்பார்.